சட்டமா அதிபரின் மேசை

1

பெயரிலேயே ஒரு சத்திரத்தைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர் எங்களுடையது. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணிக்குச் சற்று முன்னால் வரும் கனகம்மாசத்திரம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய நாள் திருத்தணியில் ஒரு கொலை நடந்திருந்தால் ஆந்திர அரசு வழக்குத் தொடுத்திருக்கும். மறுநாள் நடந்திருந்தால் சென்னை அரசு தொடுத்திருக்கும். இறந்தவரின் குடும்பம் அதே தெருவில்தான் இருந்திருக்கும். எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்குக் குற்றவியல் வழக்கின் அடிப்படை விசித்திரம் ஒன்று எளிதில் பிடிபடும். பாதிக்கப்பட்டவர் வழக்காடுவதில்லை. அவருக்காக அரசு வழக்காடுகிறது. அரசு வழக்காட விரும்பாவிட்டால் பெரும்பாலும் வழக்கே இல்லை.

அரசு என்பது இங்கே யார்? இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர், எங்கள் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் நெடுங்காலமாக வாழும் நண்பர் ஒருவர். திருகோணமலைப் பக்கத்துக்காரர். ஈழத்து நாளிதழ்களைக் கைப்பேசியில் வரி விடாமல் படிப்பவர். ஒருநாள் ஒரு செய்தியைக் காட்டினார். ஏதோ ஒரு பழைய வழக்கு. கடைசி வரி இப்படி முடிந்திருந்தது: கோப்பு சட்டமா அதிபரின் ஆலோசனைக்காக அனுப்பப்பட்டுள்ளது. நான் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "அண்ணை, சட்டமா அதிபரிட்டைப் போட்டுதெண்டால் அது கிணத்திலை போட்ட கல்லு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் இருக்கும் வரலாற்றைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

2

முதலில் சொற்கள். இலங்கைத் தமிழ் தனக்கென ஓர் ஆட்சிமொழிக் களஞ்சியத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. நாம் அட்டர்னி ஜெனரல் என்று சொல்பவர் அங்கே சட்டமா அதிபர். சொலிசிட்டர் ஜெனரல் அங்கே மன்றாடியார் நாயகம். மன்றாடியார் என்றால் நமக்குக் கொங்கு நாட்டுப் பட்டம் ஒன்று நினைவுக்கு வரும். சோழர் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்கு நெய் அளக்க ஆடுகளை ஏற்றுக்கொண்ட மன்றாடிகளும் நினைவுக்கு வருவார்கள். ஈழத்தில் அந்தச் சொல், மன்றில் நின்று வாதாடுபவர் என்ற பொருளில் நிற்கிறது.

சொல் மட்டுமல்ல, பதவியும் வேறு. இந்திய அரசியலமைப்பின் 76ஆம் பிரிவின்கீழ் நியமிக்கப்படும் அட்டர்னி ஜெனரல் மத்திய அரசின் தலைமைச் சட்ட ஆலோசகர். உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடுபவர். கனகம்மாசத்திரம் காவல் நிலையத்தில் பதிவாகும் ஒரு வழக்கில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. இங்கே முதல் தகவல் அறிக்கை பதிவாகும். புலனாய்வு முடிந்ததும் காவல் அதிகாரியே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வார். பெரிய குற்றமானால் வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். மாநில அரசு நியமித்த அரசு வழக்கறிஞர் அங்கே நடத்துவார். நாடு முழுமைக்குமான தலைமை வழக்குத் தொடுநர் என்று இந்தியாவில் ஒருவர் இல்லை. அந்த அதிகாரம் காவல்துறை, மாநில அரசு, மத்தியப் புலனாய்வு அமைப்புகள் என்று சிதறிக் கிடக்கிறது.

இலங்கையில் அப்படியல்ல. பாரிய குற்றங்களில் மேல் நீதிமன்றத்துக்குக் குற்றப் பகிர்வுப் பத்திரம் அனுப்புவது சட்டமா அதிபர். பொலிஸார் புலனாய்வார்கள், வழக்கா இல்லையா என்பதை முடிவு செய்வது அவருடைய மேசை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 194ஆம் பிரிவு, தீர்ப்புக்கு முன்பான எந்தக் கட்டத்திலும் வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று மேல் நீதிமன்றத்துக்கு அறிவிக்கும் அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. அறிவித்ததும் எதிரி விடுவிக்கப்படுவார். நம் சட்டத்திலும் வழக்கைத் திரும்பப் பெறும் வழி உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 360ஆம் பிரிவாகியிருக்கிறது. ஆனால் இங்கே நீதிமன்றத்தின் இசைவு வேண்டும்.

அதே சட்டமா அதிபர்தான் அரசாங்கத்தின் வழக்கறிஞரும். அமைச்சுகளுக்கு ஆலோசனை சொல்பவர் அவர். அரசின்மீது குடிமகன் அடிப்படை உரிமை மனு போட்டால் எதிர்த்தரப்பில் நிற்பதும் அவர் திணைக்களம். ஆக, ஒரு சிப்பாய் ஒரு மாணவனைச் சுட்டான் என்று வைத்துக்கொண்டால், இராணுவத்துக்கு ஆலோசகராக இருப்பவரும் அந்தச் சிப்பாய்மீது வழக்குப் போட வேண்டியவரும் ஒரே மனிதர். இந்த இரட்டை வேடத்தைத் தனிமனிதக் குறையாகப் பார்ப்பது பிழை. அது அந்த நாற்காலியின் வடிவமைப்பு.

3

அந்த நாற்காலி காலனியம் செய்து போட்டது. ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர இலங்கையைப் பெற்றபோது அவர்களுடைய பதவிப் பெயர் ஒன்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்: அட்வகேட் ஃபிஸ்கல். பிறகு அது மன்னரின் வழக்குரைஞர், அரசியின் வழக்குரைஞர் என்று மாறி 1884இல் அட்டர்னி ஜெனரல் ஆயிற்று. காலனி ஆட்சிக்கு ஆளுநரின் ஆலோசகரும் குற்ற வழக்குகளின் தலைவரும் ஒருவராக இருப்பதில் முரண் எதுவும் தெரியவில்லை. முடியின் நலனும் நீதியின் நலனும் ஒன்றென்று கருதிய ஆட்சி அது.

அந்த ஆட்சிக்குள் மிக உயரம் சென்ற தமிழர் பொன்னம்பலம் இராமநாதன். 1892 முதல் ஏறத்தாழ 14 ஆண்டுகள் மன்றாடியார் நாயகமாக இருந்தார். பலமுறை பதில் சட்டமா அதிபராகவும் கடமையாற்றினார். முடிக்காக வாதாடிய அதே இராமநாதன் 1915இல் மறுபக்கம் நிற்க நேர்ந்தது. அவ்வாண்டு மே மாத இறுதியில் வெடித்த சிங்கள, முஸ்லிம் கலவரத்தை அடக்க இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. இராணுவ மன்றுகள் சுருக்கமான விசாரணையில் மரண தண்டனை விதித்தன. செய்த அத்துமீறல்களுக்காக அதிகாரிகள்மீது எவரும் வழக்குத் தொடுக்க முடியாதபடி பாதுகாப்புக் கட்டளையும் வந்தது. சட்ட நிருபண சபையில் அதை எதிர்த்து இராமநாதன் ஆற்றிய உரைகள் 1916இல் லண்டனில் நூலாயின. உலகப் போர் நடந்துகொண்டிருந்த கடலைக் கடந்து லண்டன் சென்று முறையிட்டார்.

இராமநாதனின் அரசியலில் இன்று நாம் ஏற்க முடியாதவை பல உண்டு. சர்வஜன வாக்குரிமையை எதிர்த்தவர் அவர். ஆனால் 1915இல் அவர் கண்டுகொண்டது முக்கியமானது: அரசே குற்றம் செய்யும்போது அரசின் வழக்கறிஞரிடம் போய் நீதி கேட்க முடியாது. பல்லாண்டுகள் அந்த நாற்காலியின் அருகிலேயே அமர்ந்திருந்தவர் என்பதால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

4

நாற்காலியைச் செய்த தேசத்திலேயே அதைப் பற்றிய சந்தேகம் எழுந்த கதையை இங்கே சொல்ல வேண்டும். 1924இல் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சி அரசில் பாட்ரிக் ஹேஸ்டிங்ஸ் அட்டர்னி ஜெனரலாக இருந்தார். படைவீரர்கள் தொழிலாளர்களைச் சுடக்கூடாது என்று கம்யூனிஸ்ட் பத்திரிகையில் வெளியான கட்டுரைக்காக ஜே. ஆர். காம்ப்பெல் என்பவர்மீது வழக்குத் தொடங்கப்பட்டது. பிறகு திரும்பப் பெறப்பட்டது. அரசியல் அழுத்தத்தால்தான் திரும்பப் பெறப்பட்டது என்ற குற்றச்சாட்டில் அந்த அரசே கவிழ்ந்தது. 1951இல் மற்றோர் அட்டர்னி ஜெனரலான ஹார்ட்லி ஷாக்ராஸ் நாடாளுமன்றத்தில் ஒரு நெறியை வகுத்துரைத்தார். பொதுநலன் பற்றிச் சக அமைச்சர்களின் கருத்தை அட்டர்னி ஜெனரல் கேட்கலாம். முடிவு அவருடையதாகவே இருக்க வேண்டும். எவரும் அவருக்குக் கட்டளையிடக் கூடாது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இங்கிலாந்து குற்ற வழக்குகளை நடத்த முடியாட்சி வழக்குத்தொடுப்புச் சேவை என்ற தனி அமைப்பையே உருவாக்கிக்கொண்டது. பொது வழக்குத்தொடுப்பு இயக்குநர் என்ற பதவி அங்கே 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு.

இலங்கைக்கு அந்தச் சோதனை 1962இல் வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் இராணுவ, பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலர் திட்டமிட்ட ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி அம்பலமானது. அரசு அவசரமாக ஒரு தனிச் சட்டத்தை இயற்றியது. நடந்து முடிந்த செயலுக்குப் பின்னோக்கிப் பாயும் சட்டம். யூரர் இல்லாத விசாரணை. குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. 24 பேர்மீது வழக்கு.

முதல் விசாரணை அமர்வின் மூன்று நீதிபதிகளையும் நீதி அமைச்சரே பெயர் குறித்து நியமித்தார். அமைச்சரால் தெரிவுசெய்யப்பட்ட மன்றம் மன்றமல்ல என்று அந்த நீதிபதிகளே தம்மைக் கலைத்துக்கொண்டார்கள். இரண்டாவது அமர்வு அமைந்தது. அதுவும் கலைந்தது. காரணம், அதில் இருந்த நீதியரசர் அபேசுந்தர முன்னதாகச் சட்டமா அதிபர் கடமையைப் பார்த்தபோது இதே வழக்கின் புலனாய்வுக்கு உதவியிருந்தார். மூன்றாவது அமர்வு 324 நாட்கள் கூடி 11 பேரைத் தண்டித்தது. 1965 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில் தண்டனைகளை ரத்து செய்தது. குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்கென்றே சட்டமன்றம் இயற்றும் சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தைப் பறிப்பது என்பது அதன் சாரம்.

வழக்கமாக இந்த வழக்கைப் பிரிவி கவுன்சிலின் தீர்ப்புக்காக நினைவுகூர்கிறார்கள். என்னை நிறுத்தியது இரண்டாவது அமர்வு. புலனாய்வுக்கு உதவியவரே நீதிபதியாக அமர்ந்துவிட முடிந்தது என்றால், அந்த இரு நாற்காலிகளுக்கும் இடையே எவ்வளவு குறைந்த தூரம்! அந்தத் தூரம் பின்னாளிலும் கூடவில்லை. விக்டர் தென்னக்கோன், சரத் நந்த சில்வா, மொஹான் பீரிஸ், ஜயந்த ஜயசூரிய ஆகிய நால்வரும் சட்டமா அதிபராக இருந்து பின்னர் தலைமை நீதியரசரானவர்கள். மேலே இன்னொரு நாற்காலி காத்திருக்கிறது என்று அறிந்தவரின் கை, சில கோப்புகளைத் திறக்கத் தயங்கக்கூடும். தனிப்பட்ட எவரையும் நான் சொல்லவில்லை. தயங்குவதற்கான காரணத்தை அமைப்பே வழங்குகிறது என்றுதான் சொல்கிறேன்.

5

தமிழ் வாசகருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். அந்த மேசையில் ஒரு தமிழர் இருந்திருந்தால்?

இருந்திருக்கிறார்கள். சிவா பசுபதி 1975 முதல் 1988 வரை 13 ஆண்டுகள். கே. சி. கமலசபேசன் 2000 முதல் 2007 வரை. சஞ்ஜய் இராஜரட்ணம் 2021 முதல் 2024 வரை. போர் மூண்ட காலத்திலும், போர்நிறுத்தக் காலத்திலும், போர் முடிந்து ஆண்டுகள் சென்ற பின்னும் தமிழர் ஒருவர் அந்த ஆசனத்தில் இருந்திருக்கிறார்.

சிவா பசுபதியின் காலத்தை எடுத்துக்கொள்வோம். அவர் பொறுப்பேற்ற மறு ஆண்டு, 1976 மே மாதம், குடியரசு தினத்தைப் புறக்கணிக்கக் கோரும் துண்டறிக்கை கொடுத்ததற்காக அ. அமிர்தலிங்கம், வி. என். நவரத்தினம், கா. பொ. இரத்தினம், க. துரைரத்தினம் ஆகியோர் கைதானார்கள். கொழும்பில் அரச நிந்தனை வழக்கு. யூரர் இல்லாத அமர்வு. எதிரித் தரப்பில் ஏறத்தாழ 70 தமிழ் வழக்கறிஞர்கள் திரண்டார்கள். வாழ்நாள் முழுதும் அரசியலில் எதிரெதிராக நின்ற எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். எதிரிகள் சட்ட நுட்பக் காரணத்தால் விடுதலையானார்கள். 1977 ஏப்ரல் முடிவதற்குள் அந்த இரு முதியவர்களும் இறந்துபோனார்கள். ஒரு தலைமுறையின் கடைசி நீதிமன்றக் காட்சி அது. நீதிமன்றத்தில் வாதாடி வெல்லலாம் என்ற நம்பிக்கையின் கடைசிக் காட்சியும்தான். அந்தக் காட்சியில் அரசின் தலைமைச் சட்ட அதிகாரி ஒரு தமிழர்.

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலம் சாட்சியமாயிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 ஜூலை 25, 27 தேதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள், அரசின் காவலில் இருந்த 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இதைச் சொல்லி சிவா பசுபதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. பலர் ஏற்றியும் இருக்கிறார்கள். ஆனால் அவர் வாழ்க்கையின் பிற்பகுதியைச் சேர்த்துப் பார்த்தால் அந்த எளிமை கலைந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் குடியேறிய அவர், 2003இல் விடுதலைப் புலிகள் பாரிஸில் கூட்டிய அரசியல் யாப்பு விவகாரக் குழுவில் இடம்பெற்றார். அவ்வாண்டு அக்டோபரின் முடிவில் வெளியான இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனைகளை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. இலங்கை அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக 13 ஆண்டுகள் இருந்தவர், அந்த அரசின் அதிகாரத்தைப் பங்கிடும் வரைவுக்கு உதவினார். இவற்றில் எது உண்மையான சிவா பசுபதி என்று கேட்பதில் பொருளில்லை. நாற்காலியில் இருந்தபோது நாற்காலி அவர் வழியாகப் பேசியது. இறங்கிய பின் மனிதர் பேசினார்.

ஆளை மாற்றினால் நீதி மாறும் என்பது நம் அரசியல் மனத்தில் ஆழமாக ஊறிய நம்பிக்கை. நம்மவன் ஒருவன் அங்கே இருந்தால் போதும் என்கிறோம். மூன்று தமிழ்ச் சட்டமா அதிபர்களின் காலம் அந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சியம்.

6

மேசை ஒருபோதும் திறந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 1996 செப்டம்பரில் யாழ்ப்பாணம் செம்மணிச் சோதனைச் சாவடியில் மாணவி கிருசாந்தியும், அவரைத் தேடிச் சென்ற தாய், தம்பி, அயலவர் ஆகியோரும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு உண்மையாகவே நடத்தப்பட்டது. மூன்று நீதிபதிகள் அமர்வு 1998 ஜூலையில் பாதுகாப்புப் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை பெற்றவர்களில் ஒருவர், செம்மணியில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டிருப்பதாகக் கூண்டிலிருந்து சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் கிடைத்தன. அந்த இரண்டாவது கோப்பு வழக்காக வளரவே இல்லை.

2000 டிசம்பரில் மிருசுவிலில் எண்மர் கொல்லப்பட்ட வழக்கிலும் 2015இல் ஓர் இராணுவ அதிகாரிக்கு மரண தண்டனை கிடைத்தது; 2020 மார்ச்சில் அவர் ஜனாதிபதியால் மன்னிக்கப்பட்டார். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2013இல்தான் கைதுகள் நடந்தன. சாட்சிகள் பலர் அதற்குள் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். 2019 ஜூலையில் 13 சந்தேக நபர்களும் போதிய சாட்சியம் இல்லையென விடுவிக்கப்பட்டார்கள். என் நண்பர் அந்தக் கடற்கரையில் விளையாடி வளர்ந்தவர். கிணற்றில் போட்ட கல் என்ற உவமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இதைப் படித்தபோது புரிந்தது.

அந்த மாணவர்களின் வழக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டு நிறுவன ஊழியர்கள் கொல்லப்பட்ட வழக்கும் உள்ளிட்ட 16 சம்பவங்களை விசாரிக்க உடலகம ஆணைக்குழு அமைந்தது. அதைக் கண்காணிக்க ஒரு சர்வதேசக் குழு 2007இல் வந்தது. தலைவர் இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பி. என். பகவதி. ஆணைக்குழுவுக்குச் சட்ட உதவி செய்யச் சட்டமா அதிபர் திணைக்களத்தின் வழக்கறிஞர்களே அமர்த்தப்பட்டிருந்தார்கள். முதல் விசாரணைகளில் பொலிஸுக்கு ஆலோசனை சொன்ன திணைக்களமே அந்த விசாரணைகளின் குறைகளை ஆராயும் ஆணைக்குழுவுக்கும் துணை நிற்பது நலன் முரண்பாடு என்று கண்காணிப்புக் குழு பகிரங்கமாகச் சொன்னது. 2008இல் வெளியேறியும் போயிற்று.

பகவதி இதைச் சொன்னதில் ஒரு வரலாற்றுச் சுழற்சி இருக்கிறது. 1976இல் நெருக்கடி நிலையின்போது, ஆட்கொணர்வு மனு கேட்கும் உரிமை குடிமகனுக்கு இல்லை என்று தீர்ப்பளித்த பெரும்பான்மை நீதிபதிகளில் அவரும் ஒருவர். அந்த வழக்கில் இந்திய அட்டர்னி ஜெனரல் நிரேன் டே, உயிரே சட்டவிரோதமாகப் பறிக்கப்பட்டாலும் நெருக்கடி நிலை நீடிக்கும்வரை நீதிமன்றத்தில் பரிகாரமில்லை என்ற நிலைவரை சென்று வாதாட வேண்டியிருந்தது. பத்தாண்டு கழித்து, 1986இல், பீகார் முன்னாள் முதல்வர்மீதான வழக்கைத் திரும்பப் பெற்றது சரியே என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னபோது, சரியல்ல என்று மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவரும் இதே பகவதி. அரசின் சொல்லை அப்படியே ஏற்றால் என்ன ஆகும் என்பதை அவர் தன் கையெழுத்திலேயே கற்றிருந்தார்.

7

இலங்கையைச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருக்க முடியாது. தமிழ்நாட்டு வாசகர் 2003 நவம்பரை நினைவுகூர வேண்டும். அப்போதைய முதல்வர் ஜெயலலிதாமீதான சொத்துக்குவிப்பு வழக்கில், ஏற்கெனவே சாட்சியம் அளித்து முடித்த 76 அரசுத் தரப்புச் சாட்சிகள் மீண்டும் அழைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் அதைத் தடுக்கவும் இல்லை, அவர்களைப் பிறழ் சாட்சிகளாக அறிவிக்கக் கோரவும் இல்லை. எதிரியின் அரசே வழக்குத் தொடுநரை நியமிக்கும்போது நியாயமான விசாரணை நடக்காது என்ற அச்சம் நியாயமானதே என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. அங்கே ஒற்றை மேசை. இங்கே சிதறிய மேசைகள். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: வழக்கை நடத்துபவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்?

இலங்கையில் மேசையைப் பிரிக்கும் முயற்சி ஒன்று முன்பே நடந்திருக்கிறது. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் பொது வழக்குத்தொடுப்புப் பணிப்பாளர் என்ற தனிப் பதவியை உருவாக்கியது. ஐந்தாண்டு கூட ஆகவில்லை. 1978இல் அது மறைந்தது. சாதாரணச் சட்டமொன்றால் பிறந்த பதவி, சாதாரணச் சட்டமொன்றாலேயே போனது. பிரிப்பது மட்டும் போதாது, பிரித்ததற்கு யாப்பில் வேர் வேண்டும் என்பது அதன் பாடம். தென்னாப்பிரிக்கா தேசியப் பொது வழக்குத்தொடுப்பு இயக்குநரை 1996ஆம் ஆண்டு யாப்பிலேயே எழுதிக்கொண்டது. கென்யா 2010 யாப்பில் அட்டர்னி ஜெனரலிடமிருந்து வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தைப் பிரித்துத் தனிப் பதவிக்குக் கொடுத்தது.

நியமன முறையோ ஊஞ்சல்போல ஆடியிருக்கிறது. 2001இன் 17ஆம் திருத்தம் சட்டமா அதிபர் நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கியது. 2010இல் 18ஆம் திருத்தம் அதை நீக்கியது. 2015இல் 19ஆம் திருத்தம் மீட்டது. 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் நீக்கியது. 2022இல் 21ஆம் திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. நீதிமன்றமும் ஒரு சன்னலைத் திறந்தது: 1998இல் பத்திரிகை ஆசிரியர் விக்டர் ஐவன் தொடுத்த வழக்கில், சட்டமா அதிபரின் தற்றுணிபு வரம்பற்றதல்ல, ஆய்வுக்கு உட்பட்டதே என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஐவனுக்கு அந்த வழக்கில் நிவாரணம் கிடைக்கவில்லை.

2025 ஜனவரியில், 2009இல் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் லசந்த விக்கிரமதுங்கவின் வழக்கோடு தொடர்புடைய மூன்று சந்தேக நபர்கள்மீது மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று சட்டமா அதிபர் எழுதிய கடிதம் வெளியே வந்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. பிப்ரவரியில் அந்த முடிவு பின்வாங்கப்பட்டது. அதே ஆண்டில் வழக்குத் தொடுக்கும் பொறுப்பைத் தனி அலுவலகமொன்றுக்கு மாற்றும் யோசனையை அரசாங்கம் கையிலெடுத்தது. தமிழர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்ததைத் தெற்கிலும் பேசத் தொடங்கியதற்கு ஒரு சிங்களப் பத்திரிகையாளரின் கோப்பு வழிவிட்டது. இதில் கசப்பு இருக்கலாம். ஆனால் இதுவே நம்பிக்கைக்கான இடமும். அந்த மேசை ஓர் இனத்துக்கு மட்டும் மூடிக்கிடக்கும் மேசையல்ல. அரசு குற்றம் சாட்டப்படும் இடமெல்லாம் அது மூடிக்கொள்கிறது. ஆகவே பிரச்சினை ஆசனத்தின் அமைப்பில் இருக்கிறது என்பதை இரு தரப்பும் சேர்ந்து காண முடியும்.

2025இல் செம்மணி மீண்டும் தோண்டப்பட்டது. சித்துப்பாத்தி மயானத்தில் கட்டடப் பணியின்போது எலும்புகள் தென்பட, யாழ்ப்பாணம் நீதிவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றில் குழந்தைகளுடையவையும் இருந்தன. பள்ளிப் புத்தகப்பை ஒன்றும் கிடைத்தது. அந்தப் படத்தைக் கைப்பேசியில் நண்பர்தான் எனக்குக் காட்டினார்.

"இதுவும் அங்கைதானே போகும், அண்ணை?" என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. மண்ணியலாளரும் மருத்துவரும் நீதிவானும் தத்தம் வேலையை முடித்த பின், அறிக்கைகள் ஒரு கோப்பாகக் கட்டப்படும். இன்றைய சட்டப்படி அது போய்ச் சேர வேண்டிய மேசை ஒன்றுதான்.